மயக்கம் தெளிந்த பிறகு வரும் இரவு

"சிஸ்டர், காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நல்லாத் தூங்குனாரே, ராத்திரி ஏன் இப்படி முழிச்சுக்கிட்டே கிடக்கார்?" ஆபரேஷன் முடிந்து வந்தவர்களின் வீட்டார் இதைக் கேட்காத வாரம் எங்கள் வார்டில் இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததையும் சொல்லிவிடுவார்கள்: "ஒரு தூக்க ஊசி போட்டு விட்டுருங்களேன்."

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பகல் டூட்டியும் நைட் டூட்டியும் மாறி மாறி வரும். அந்தக் கேள்விக்குக் கட்டில் ஓரம் நின்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. மயக்க மருந்தில் கிடந்ததும் இரவில் தூங்குவதும் வேறு வேறு. தூக்க மாத்திரை தருவதும் தூக்கத்தின் ஒரு பாதிதான். இவற்றுக்கெல்லாம் அடியில், எப்போதும் நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒன்று உடம்புக்குள் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வயதானவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதை நைட் டூட்டியில் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மயக்கம். தூங்குகிறவரைத் தோளில் தட்டினால் எழுந்து உட்காருவார். முழு மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் எழமாட்டார். பல ஆபரேஷன்களில் அவருக்கு மூச்சு விடுவதே மெஷின்தான். 2010-இல் எமரி பிரவுன், ரால்ஃப் லிடிக், நிக்கோலஸ் ஷிஃப் என்ற மூவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரையில், மயக்கத்துக்கு நெருங்கிய சொந்தம் கோமாதான், தூக்கம் அல்ல என்று விளக்கினார்கள். திரும்பி வரக்கூடிய, மருந்தால் உண்டாக்கிய கோமா. தூக்கத்தில் மூளை சும்மா கிடப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வந்துகொண்டே இருக்கும். மயக்கத்தில் அந்தச் சுற்று கிடையாது. மயக்க டாக்டர் எந்த ஆழத்தில் நிறுத்துகிறாரோ அந்த ஆழத்திலேயே மூளை நிற்கும்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஏவரி டங் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய குழுவும் எலிகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்து பார்த்தார்கள். தூக்கம் கெட்ட எலிகள் மயக்க மருந்தில் சீக்கிரம் விழுந்தன, எழத் தாமதமாயிற்று. இதை 2002-இல் வெளியிட்டார்கள். 2004-இல் வந்த ஆய்வு இன்னும் ஆச்சரியம். தூக்கம் கெட்ட எலிகளுக்கு மணிக்கணக்கில் ப்ரோபோஃபோல் கொடுத்தபோது, தெளிந்த பிறகு அவற்றின் தூக்கப் பாக்கி பெரும்பாலும் அடைந்துவிட்டிருந்தது. ப்ரோபோஃபோல் என்பது தியேட்டரில் எல்லோரும் பார்த்திருக்கும் பால் நிற ஊசி. 1986-இல் சந்தைக்கு வந்தது. இன்று உலகத்தில் பாதிப் பேரை மயக்கத்துக்குள் அனுப்புவதே அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவு புழக்கம். ஆனால் எல்லா மருந்தும் அப்படியில்லை. செவோஃப்ளூரேன் என்ற வாயு கொடுத்துப் பார்த்த ஆய்வில், கனவுத் தூக்கத்தின் பாக்கி அப்படியே நின்றது. ஆக, மயக்கம் தூக்கமாகாது, ஆனால் தூக்கத்தின் சில நரம்பு வழிகளை அது இரவல் வாங்கிக்கொள்கிறது. எந்த வழி, எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

விழிப்பது தனி வழி. பென்சில்வேனியாவில் மாக்ஸ் கெல்ஸ் குழு 2008-இல் காட்டியது இது: மூளையில் ஒரெக்சின் என்ற விழிப்புப் பொருளைச் சுரக்கும் செல்கள் இல்லாத எலிகள், மற்ற எலிகளைப் போலவே மயக்கத்தில் விழுந்தன. தெளியும்போதுதான் பின்தங்கின. உள்ளே போன வழியாகவே மூளை வெளியே வருவதில்லை. ஒரெக்சின் செல்கள் நாளின் நேரத்துக்கேற்ப ஏறி இறங்குகிறவை. எனவே மயக்கம் தெளிவதிலும் உடம்பின் கடிகாரத்துக்குப் பங்கு இருக்கலாம்.

சரி, அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. 1972-இல்தான் அது கடிகாரம் என்று உறுதியாயிற்று. அதற்குக் கீழே, ஈரலில், சிறுநீரகத்தில், தோலில் என்று செல்லுக்குச் செல் கிளைக் கடிகாரங்கள். பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்தின் மரபணுக்களைத் துருவிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களுக்கு இந்தக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சத்தை அதற்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் உண்டு. நீலம் கலந்த வெளிச்சம்தான் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். வயதானால் கண் லென்ஸ் மஞ்சளாகும், கண்புரை விழும், நீல வெளிச்சம் உள்ளே போவது குறையும். எழுபது வயதுக்காரரின் கடிகாரம் இருபது வயதுக்காரருடையதைவிட எளிதில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம். எங்கள் கட்டில்களின் கால்மாட்டில் தொங்கும் டெம்பரேச்சர் சார்ட்டே போதும். காய்ச்சல் இல்லாத ஆளின் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குப் புள்ளி கீழே இருக்கும். மாலை ஐந்து, ஆறுக்கு மேலே ஏறியிருக்கும். மறுநாளும் அதே அலை. பெரிய ஆபரேஷன் ஆனவர்களிடம் இந்த அலை முதல் சில நாட்களுக்குக் குழம்பிக் கிடக்கும். டிரெயினிங்கில் சேர்ந்த பெண்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த அலையைத்தான்.

ஒரு செடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடிகாரம், மயக்கம் என்ற இந்த இரண்டு கதையிலும் அது வருகிறது. பிரெஞ்சு வானியலாளர் டி மெரான் 1729-இல் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டிலேயே வைத்துப் பார்த்தார். சூரியனைப் பார்க்காமலே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மடங்கின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்பதற்கு எழுதி வைக்கப்பட்ட முதல் சோதனை அது. ஏறத்தாழ 150 ஆண்டு கழித்து க்ளோது பெர்னார் தொட்டாற்சிணுங்கியை ஈதர் ஆவியில் வைத்தார். தொட்டாலும் இலை சுருங்கவில்லை. ஈதரை விலக்கியதும் பழையபடி சுருங்கியது. மயக்க மருந்து செடியைக்கூட விடாது என்று தெரிந்தது. நேரமும் மயக்கமும் ஓர் உயிருக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்று கேட்டுச் சோதித்தவர்கள் வர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

அந்தச் சந்திப்பைத் தெளிவாகக் காட்டியவை தேனீக்கள். நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கை வார்மன், ஜேம்ஸ் சீஸ்மன் குழு 2012-இல் வெளியிட்டது. ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர்களில் பலர் "இப்பத்தானே படுத்தேன்?" என்பார்கள். தூங்கி எழுந்தவருக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று ஓரளவு தெரியும். மயக்கத்திலிருந்து எழுந்தவருக்குத் தெரியாது. ஏன் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மனிதர்களிடம் கேட்டால் வலியும், மருந்தும், பதற்றமும் சேர்ந்து வரும். தேனீ அப்படியல்ல. தேனீ சூரியனை வைத்துத் திசை பார்க்கிறது. சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், இப்போது மணி என்ன என்று தெரிந்தால்தான் சூரியனை வைத்துத் திசை சொல்ல முடியும். தேனீயின் கடிகாரம் பிசகினால் அது பறக்கும் திசையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேனீக்களுக்கு ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்து, பகலில் ஆறு மணி நேரம் மயக்கத்தில் வைத்தார்கள். தெளிந்து பறக்கவிட்டபோது அவை தவறான திசையில் போயின. இடையில் போன நேரம் அவற்றின் கணக்கில் பெரும்பாலும் இல்லை. அந்தக் கணக்குக்குச் சூரியன் இருக்க வேண்டிய இடம் ஒன்று, வானத்தில் அது இருந்த இடம் வேறு. இரை தேடக் குறித்த நேரத்துக்குப் போகப் பழக்கியிருந்த தேனீக்கள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகப் போயின. மரபணு அளவில் பார்த்தபோதும் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதே மருந்தை அதே அளவில் இரவில் கொடுத்தால் கடிகாரம் நகரவே இல்லை.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்கு எல்லாம் இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனால் லைட்டும் ஃபேனும் நிற்கும், பேட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மயக்கமும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பகலில் கரண்ட் போனால் கடிகாரமும் பின்தங்கும், இரவில் போனால் பின்தங்காது என்று தேனீக்கள் காட்டின. நம் ஆபரேஷன்களில் பெரும்பாலானவை நடப்பது பகலில்.

தேனீயில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களிடம் ஆபரேஷனையும் மயக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அதற்குக் கிட்டத்தட்ட வழி செய்தது பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கோலனோஸ்கோப்பிக்காகக் கொஞ்ச நேரம் ப்ரோபோஃபோல் வாங்கியவர்களின் கையில் அசைவைப் பதியும் கருவி கட்டி அனுப்பினார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. அப்படியும் அடுத்த சில நாட்களில் அவர்களுடைய ஓய்வு, நடமாட்டத்தின் பகல் இரவு ஒழுங்கு கலைந்திருந்தது. பெரிய ஆபரேஷன் என்றால் இன்னும் மேலே. முதல் ஒன்றிரண்டு இரவுகளில் கனவுத் தூக்கம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். மூன்றாம், நான்காம் இரவில் அது திரும்பிப் பாய்ந்து வரும். பயங்கரக் கனவுகளோடு வியர்த்து எழுகிறவர்களை நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு ஊசிகளும் கனவுத் தூக்கத்தை அமுக்கும். கொடுக்காமலும் இருக்க முடியாது, வலியோடு யார் தூங்குவார்?

இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். எழுபதைக் கடந்தவர், மாடு வளர்ப்பவர். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன், முழு மயக்கம் இல்லை. முதல் நாள் மாலை வரை என்னிடம் நன்றாகப் பேசினார். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிவாக்கில் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். "கதவைத் திற தாயி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." போர்வையில் ரத்தம். "ஐயா, இது ஆஸ்பத்திரி, மணி ரெண்டு, விடியலைங்கய்யா," என்றேன். "பளீர்னு வெயில் அடிக்குது, விடியலைங்கிறே?" என்று மேலே ட்யூப்லைட்டைக் காட்டினார்.

குழம்பிய மூளைதான் பேசியது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வார்டில் அந்த நேரத்தில் எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் மானிட்டர் கத்திக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது. அவர் கட்டில் பக்கம் ஜன்னல் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் இல்லை, மறதி நோயும் இல்லை. திடீரென்று வரும், நேரத்துக்கு நேரம் கூடிக் குறையும், பெரும்பாலும் இரவில் முற்றும். வீட்டார் உடனே மயக்க மருந்தைத்தான் குற்றம் சொல்வார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. டெலிரியம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. வித்தியாசமே இல்லை. மயக்க மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். முறிந்த எலும்பு, வலி, வீக்கம், நீர்ச்சத்து குறைவு, அப்புறம் நாங்கள் அவரைக் கிடத்தியிருக்கும் அந்த ராத்திரி இல்லாத ராத்திரி, எல்லாம் சேர்ந்துதான்.

இந்த இடத்தில்தான் "ஒரு தூக்க ஊசி" கேட்கிறார்கள். கேட்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. இரண்டு ராத்திரி கண் மூடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகள் வேறு என்ன கேட்பாள்? ஆனால் டயாஸெபாம், அல்ப்ரஸோலம், மிடாசோலம் வகை மருந்துகள் வயதானவர்களின் டெலிரியத்தை வளர்க்கும். கூடியவரை தவிர்க்கச் சொல்லும் பட்டியல்களில் இவை முன்வரிசையில் இருக்கின்றன. அவற்றோடு ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையும். டயாஸெபாம் உடம்பை விட்டுப் போக நாட்கள் பிடிக்கும், முதியவர்களுக்கு இன்னும் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு அமைதிப்படுத்தி, காலை பத்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பி நிறுத்தும்போது தலை தொங்கும். நடக்கவில்லையென்றால் பகலெல்லாம் தூக்கம், பகலெல்லாம் தூங்கினால் ராத்திரி விழிப்பு. மருந்து கடிகாரத்தைத் தலைகீழாக்கிவிடும்.

தூக்கம் வர இரண்டு விஷயம் கூட வேண்டும் என்று சூரிச்சில் அலெக்ஸாண்டர் போர்பேலி 1982-இல் ஒரு கணக்கு எழுதினார். இன்றும் அதைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். விழித்திருக்க விழித்திருக்கச் சேர்கிற தூக்கப் பசி ஒன்று. கடிகாரம் தருகிற நேர அனுமதி இன்னொன்று. மாத்திரை செய்வதெல்லாம் மூளையை அமர்த்துவதுதான். அனுமதி இல்லாத நேரத்தில் அமர்த்தினால் அரைகுறைதான். இஸ்ரேலில் பெரெட்ஸ் லாவி 1986-இல் இதை அழகாகக் காட்டினார். இளைஞர்களை இரவு பகலாக ஏழு நிமிடம் படு, பதின்மூன்று நிமிடம் விழித்திரு என்று மாற்றி மாற்றி வைத்தார். எவ்வளவு களைத்திருந்தாலும் அவர்களால் தூங்க முடியாத ஒரு வேளை இருந்தது. நடுப்பகல் அல்ல. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரம்தான் அது. கடிகாரம் உடம்பை முழு விசையோடு விழிக்க வைப்பது அப்போதுதான்.

பல வார்டுகளில் இரவு மாத்திரை டிராலி எட்டு மணிக்கு வரும், டூட்டி மாறும் நேரம் என்பதால். ஆன்டிபயாட்டிக்கோடு தூக்க மாத்திரையும் அதே சின்னக் கிண்ணத்தில். பத்தரைக்குப் படுத்துப் பழகியவருக்கு எட்டு மணி என்பது லாவி சொன்ன அந்த வேளை. ஜோல்பிடெம் போன்றவை இரண்டரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கடிகாரம் கதவைத் திறக்கிற நேரத்துக்கு மருந்து வடியத் தொடங்கிவிடும். ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "மாத்திரை வேலை செய்யலை, இன்னொண்ணு குடுங்க" என்பார். அளவைக் கூட்டும் முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்று நான் டூட்டி டாக்டர்களிடம் கேட்பதுண்டு. பலர் மாற்றியும் கொடுக்கிறார்கள்.

அளவும் ஆளுக்கு ஆள் மாறும். ஜோல்பிடெமைப் பெண்களின் உடம்பு மெதுவாக வெளியேற்றுகிறது, காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் ரத்தத்தில் நிற்கிறது என்று தெரிந்து, 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. மருந்து வந்து இருபது வருடம் கழித்து! இங்கே அல்ப்ரஸோலம், டயாஸெபாம், ஜோல்பிடெம் மூன்றும் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததை மருந்துக்கடை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அப்படியும் பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையிலிருந்து பாதி கிள்ளி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் குளியலறையில் விழுந்து எங்களிடம் வந்து சேரும் கதைகள் சில அப்படித்தான் தொடங்குகின்றன.

தூக்க மருந்து கடிகாரத்தையே நகர்த்தக்கூடும் என்பதும் பழைய செய்திதான். 1986-இல் அமெரிக்காவில் ஃப்ரெட் டுரெக் ஹேம்ஸ்டர் எலிகளுக்கு ட்ரையாஸோலம் கொடுத்தார். ஒரு நேரத்தில் கொடுத்தால் கடிகாரம் முன்னே போயிற்று, வேறு நேரத்தில் கொடுத்தால் பின்னே. அப்புறம் தெரிந்ததுதான் விசித்திரம். அந்த மருந்து ஹேம்ஸ்டர்களைத் தூங்க வைக்காமல் ஓட வைத்தது. ஓடவிடாமல் பிடித்து வைத்தபோது கடிகாரம் நகரவில்லை. நடமாட்டமே கடிகாரத்துக்குச் செய்தி. ஆபரேஷன் முடிந்தவரைப் பகலில் எழுப்பி உட்கார வைத்து நாலு அடி நடத்தச் சொல்வது நுரையீரலுக்காகவும் ரத்தம் உறையாமல் இருக்கவும்தான். இரவுத் தூக்கத்துக்கும் அது உதவும் என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெலடோனினைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜெல்லி மிட்டாயாகவே ஆன்லைனில் வருகிறது. அது மற்ற தூக்க மாத்திரைகளைப் போல மூளையை அமர்த்தும் மருந்து அல்ல. இருட்டிவிட்டது என்று உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சேதி. மாலையில் எடுத்தால் கடிகாரம் முன்னுக்கு வரும், காலையில் எடுத்தால் பின்னுக்குப் போகும். நைட் டூட்டி முடிந்து வந்து காலை எட்டு மணிக்கு மெலடோனின் போட்டுப் படுக்கும் தோழிகளிடம் நான் இதைச் சொல்வேன். எதற்காக எடுக்கிறோம், எந்தப் பக்கம் தள்ளப் போகிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டிய பொருள் அது. ஆபரேஷனுக்குப் பிந்தைய டெலிரியத்தை அது தடுக்குமா என்று செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நம்பிக்கை தரும் மருந்து ஒன்று உண்டு என்றால் டெக்ஸ்மெடிடொமிடின். இயற்கையான ஆழ்ந்த தூக்கத்தின் நரம்பு வழியை ஒட்டியே அது போகிறது. பீஜிங்கில் 700 முதியவர்களிடம், ஆபரேஷன் முடிந்த இரவில் மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது டெலிரியம் 23 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. 2016-இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வு. ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும், ஐசியூ கண்காணிப்பு வேண்டும். எல்லா வார்டிலும் தொங்கவிடக்கூடிய மருந்து அல்ல.

எந்த நேரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்வது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸின் லீல் நகரில் இதய வால்வு மாற்றியவர்களைப் பார்த்ததில், காலையைவிட மதியம் செய்தவர்களின் இதயம் நன்றாகத் தாக்குப்பிடித்தது. அமெரிக்காவில் ட்யூக் மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புரட்டியதில், பிற்பகலில் தொடங்கிய ஆபரேஷன்களில் வாந்தியும் வலியும் கூடுதலாக இருந்தன. அதற்குக் கடிகாரத்தைப் போலவே டாக்டர்களின் களைப்பும் காரணமாக இருக்கலாம். பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி நடுப்பிற்பகலில் அதிக நேரம் நிற்கும் என்றும் ஆய்வு உண்டு. ஆனால் நம் தியேட்டர் லிஸ்ட் வேறு கணக்கில் ஓடுகிறது. குழந்தைகளும் சர்க்கரைக்காரர்களும் முதலில், சீழ் வைத்த கேஸ் கடைசியில். அந்தக் கணக்கு நியாயமானது, அதை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்.

நேரத்தை நாம் மாற்றக்கூடிய இடம் வார்டுதான். யேல் பல்கலைக்கழகத்தின் ஷரன் இனோயே 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 852 முதியவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்குக் கூடுதலாகச் சில சாதாரணக் காரியங்கள். கண்ணாடி, காது மெஷின் கையில் கொடுப்பது. இன்ன நாள், இன்ன இடம் என்று பேசிக்கொண்டே இருப்பது. நடத்துவது. தண்ணீர் குடிக்க வைப்பது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாகப் பாலோ மூலிகை டீயோ கொடுத்து, முதுகு தேய்த்துவிட்டு, சத்தத்தைக் குறைப்பது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 10-க்குக் கீழே வந்தது. புதிய மருந்து ஒன்று இதைச் செய்திருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருப்பார்கள்.

ஐசியூவில் ஜன்னல் இல்லையே என்பீர்கள். அதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் உயிரினங்களின் கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளி வெளிச்சமும் நேரமும் தெரியாமல் மனிதர்கள் நாள்கணக்கில் தங்கியிருக்கும் சோதனை அறையை அங்கே கட்டினார். மாரிமுத்து, சுப்புராஜ் ஆகியோருடன் சேர்ந்து குகைகளில் இலைமூக்கு வௌவால்களைப் பற்றிச் செய்த ஆய்வு உலகம் முழுக்கத் தெரிந்தது. பகல் வெளிச்சம் எட்டாத குகையின் ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் வழக்கம்போல மாலையில் கிளம்பி, விடியலில் திரும்பின. வெளிச்சமே பார்க்காத கூண்டு வௌவாலும் அவற்றோடு நேரம் தப்பாமல் இருந்தது. வௌவால் கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. சொந்தக்காரர்களின் சத்தமே அதற்குப் பொழுது சொல்லியிருக்கிறது.

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் பெரியது, வௌவால் கணக்கை அப்படியே போடக் கூடாது. ஆனாலும் பார்வையாளர் நேரத்தைப் பற்றி எங்கள் மேனேஜ்மென்ட்டிடம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குகைதான் மனதில் இருக்கும். காலையில் மகள் வந்து "அப்பா, விடிஞ்சிருச்சு, இந்தா பல்லு விளக்குங்க" என்று சொல்வது, மத்தியானம் பேரன் வந்து உட்கார்ந்து பேசுவது, ராத்திரி ஒன்பதரைக்கு "படுங்கப்பா" என்று போர்த்திவிடுவது, இவையெல்லாம் பாசம் மட்டுமல்ல, சிகிச்சையும்தான். எங்கள் வார்டில் இப்போது பத்து மணிக்கு மேல் கூரை லைட்டை அணைத்துக் கட்டில் பக்கம் சின்ன லைட் வைக்கிறோம். பிரஷர், சுகர், ஊசி மூன்றையும் முடிந்தவரை ஒரே சமயத்தில் முடிக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு துடைத்துவிடும் பழக்கத்தை ஆறுக்குத் தள்ளியிருக்கிறோம். பகலில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்ப முடிந்தவர்களுக்குத் திருப்புகிறோம். சுவரில் பெரிய எழுத்துக் கடிகாரமும் நாள்காட்டியும் கேட்டு வாங்கினேன். மாட்டுக்காரப் பெரியவருக்கும் இவற்றில் முடிந்ததைச் செய்தோம். கண்ணாடியை மாட்டி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தோம், வலி மருந்தைச் சரிசெய்தார்கள். சில நாளில் தெளிந்தார். மாட்டைப் பற்றிக் கேட்டது அவருக்கு நினைவில்லை.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், அதற்கு முன் மயக்க டாக்டர் பார்க்கும் நாளில் சிலவற்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுவார், நைட் ஷிஃப்ட் பார்ப்பவரா, முன்பு ஆபரேஷனுக்குப் பின் குழம்பியிருக்கிறாரா என்று சொல்லுங்கள். தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பது மிக முக்கியம். வருடக்கணக்கில் அல்ப்ரஸோலம் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரியில் சொல்ல வெட்கப்பட்டுத் திடீரென்று நிறுத்தினால், நடுக்கம், படபடப்பு, வலிப்புவரை போகலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி ஊசியும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேரும் முதல் இரவில் அந்த மூச்சை யார், எந்த மானிட்டரில், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று அவர்கள் முன்கூட்டியே திட்டமிட அது வேண்டும்.